ஒண்ணும் ஆகலை

2023 ஜூன் மாதம், டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி காணாமல் போன அந்த நான்கு நாளும் எல்லா சேனலிலும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து பேர். 96 மணி நேரத்துக்கு ஆக்சிஜன். இன்னும் 40 மணி நேரம் இருக்கிறது, இன்னும் 30 மணி நேரம் இருக்கிறது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் லீவில் தூத்துக்குடிக்கு வந்திருந்தேன். மாமா கட்டிலில் சாய்ந்து, கால் மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருபது வருஷத்துக்கு மேல் சங்கு குளித்தவர். இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது.

நீர்மூழ்கியின் மூடியை வெளியிலிருந்து போல்ட் போட்டு முடுக்குவார்கள், உள்ளே இருப்பவர்கள் திறக்க முடியாது என்று படம் போட்டுக் காட்டினார்கள். மாமா சட்டென்று நிமிர்ந்தார்.

"வெளிய இருந்து பூட்டுறான்னா, பூட்டுனவன் யாரு மருமவனே?"

"அவங்க கம்பெனி ஆளுங்கதான் மாமா. கம்பெனி முதலாளியே உள்ளதான் இருக்காரு. அவர்தான் ஓட்டுறாரு."

"அப்ப மேல யாருமே இல்லன்னு சொல்லு."

துணைக்கப்பல் மேலேதான் நிற்கிறது, அதில் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள் என்று விளக்கப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடிகாரம் யாருக்காகவும் ஓடவில்லை என்று. முதல் நாளே, இறங்க ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் தாண்டி, சுமார் 3,300 மீட்டர் ஆழத்தில், கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் மாமா சொன்ன அந்த ஒரு வரி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. பாதுகாப்புப் பொறியியல் பற்றி நான் படித்த எதையும்விட அதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

மாமா "மேல" என்று சொன்னது எதை என்று புரிய, இந்தக் கரையின் பழைய தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல். அம்மாவைப் பெற்ற தாத்தா அதில் குளித்திருக்கிறார். முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம், அதாவது 9 முதல் 18 மீட்டர். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து ஆள் இறங்குவார். கல் அவரை அடிக்குக் கொண்டுபோகும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம் சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றை அசைப்பார். வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவர் மேலே இழுக்க வேண்டும். அவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு. ஒரு கயிறு, மறுமுனையில் ஒரு கை.

அந்தக் கை யாருடையது என்பதில்தான் விஷயம். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று ஒரு பழமொழி உண்டு. மலைத்தேன் எடுப்பவர்களுக்கும் இதே கதையைச் சொல்வார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தங்கச்சி தாலி அறுக்க அவன் விடமாட்டான். தாத்தாவுக்குப் பாட்டியின் தம்பிதான் கயிறு பிடித்தாராம். இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதில் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. தண்ணீருக்குள் இருப்பவனின் கண் சிப்பியில் இருக்கும். இன்னும் நாலு, இன்னும் நாலு என்றுதான் கை போகும். அவனை நிறுத்த, சிப்பியைவிட ஆள் முக்கியம் என்று நினைக்கிற ஒருவன் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். கயிறு பிடிப்பவருக்கும் சிப்பியில் பங்கு உண்டுதான். அதனால்தான் வெறும் கூலியாள் போதவில்லை, மச்சான் வேண்டியிருந்தது.

மாமா காலத்தில் முத்து இல்லை, சங்குதான். வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடும் சங்கு வளையலுக்கு இந்தக் கடலின் சங்கு போகிறது. கயிறும் கல்லும் போய், கம்ப்ரசர் வந்துவிட்டது. பஞ்சர் கடையில் காற்றடிக்கிற மாதிரி ஒரு இயந்திரத்தைப் படகில் வைத்து, அதிலிருந்து வரும் நீளமான குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஒன்றரை நிமிஷம் என்பது ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை.

தாத்தாவுக்கு உடம்புக்குள்ளேயே ஒரு மணி இருந்தது. மூச்சு முட்டும், வந்துதான் ஆக வேண்டும். கம்ப்ரசர் அந்த மணியைக் கழற்றிப் போட்டுவிட்டது, அதன் இடத்தில் வேறு மணியை வைக்கவில்லை. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே போகும். கீழே இருக்கும்வரை ஒரு வலியும் கிடையாது. வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பும். அது மூட்டில் நின்றால் வலி, முதுகுத்தண்டில் நின்றால் கால் போகும்.

மாமாவுக்கு முதுகுத்தண்டில் நின்றது. அன்றைக்குச் சங்கு நிறையக் கிடந்திருக்கிறது. ஐந்தாவது முறை இறங்கி ஏறிப் படகில் உட்கார்ந்து டீ குடித்தவர், எழுந்திருக்கப் பார்த்தபோது கால் எழவில்லை. கூட இருந்தவர்கள் குழாயைக் கடிக்க வைத்து மறுபடி கீழே இறக்கினார்கள். கீழே போனதும் கால் வந்தது. மேலே வந்ததும் போனது. கரை சேர்ந்து, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அலைந்து, அழுத்த அறை என்று ஒன்று இருக்கிறது, அதில் வைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னபோது நாலு நாள் ஆகியிருந்தது. படகில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்னப் பையன். டீசல் தீராமல் பார்ப்பதுதான் அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை. மாமாவை நிறுத்து என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் படகுக்காரரான மாமாவை அவன் எப்படி நிறுத்துவான்?

எப்போது கேட்டாலும் மாமா சொல்வது ஒன்றுதான். "இருவது வருஷமா அப்படித்தான் எறங்குனோம். ஒண்ணும் ஆகலையே."

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு உரிமை கிடையாது. என் இன்ஜினியரிங் ஃபீஸில் பாதி அந்தச் சங்குக் காசு. மூச்சடக்கிக் குளித்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்காது. அபாயத்துக்கும் ஆதாயத்துக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று வகுப்பில் எங்களுக்கு வளைகோடு வரைந்து காட்டுவார்கள். கிடைமட்டத்தில் செலவு, செங்குத்தில் அபாயம். அந்த வரைபடத்தில் ஒரே ஆள்தான் இருப்பார். எங்கள் வீட்டில் கோட்டின் ஒரு முனையில் மாமாவின் கால், மறுமுனையில் என் டிகிரி. நான் படித்தது அழுத்தக் கலன்களைப் பற்றி.

இதில் என்னை வெகுநாள் உறுத்தியது வேறொன்று. மாமா உடம்புக்கு நேர்ந்தது எதுவும் புதிதில்லை. நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளர்கள் இப்படித்தான் முடங்கினார்கள், இறந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே படுக்கையில் விழுந்தார். பிறகு ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பரிசோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டார். அது வெளியான வருஷம் 1908. ஒரு பக்கத்தில் அச்சடித்துப் படகில் ஒட்டி வைக்கக்கூடிய விஷயம். தூத்துக்குடித் துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-ல். உலகத்தின் எல்லாக் கொடியும் பறக்கும் கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. அந்த ஒற்றைத் தாள் மட்டும் பக்கத்திலேயே நின்ற மாமாவின் படகுக்கு வந்து சேரவே இல்லை. விபத்திலிருந்து உலகம் பாடம் கற்றது என்று எழுதும்போது, அந்த உலகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

டைட்டன் கதை இதற்கு நேர் எதிர். அங்கே பாடம் தானாகவே வாசலில் வந்து நின்று கதவைத் தட்டியது.

ஆழ்கடலுக்கு மனிதர் போகும் கலங்களை உலோகக் கோளமாகத்தான் செய்வார்கள். கோளத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். டைட்டனை உருளையாகச் செய்தார்கள், கார்பன் இழையில். எடை குறைவு, உள்ளே அதிகம் பேர் உட்காரலாம், ஒரு பயணத்துக்கு ஒருவரிடம் இரண்டரை லட்சம் டாலர் வரை வாங்கலாம். கார்பன் இழை, பெயரே சொல்கிற மாதிரி, நூல். நூலும் கயிறும் இழுத்தால் தாங்கும். கயிற்றைத் தள்ளிப் பாருங்கள். ஆழ்கடல் செய்வது தள்ளுவது. அங்கே இழைகள் வளைந்து நொடியாமல் பிடித்து நிறுத்துவது, அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் பசைதான். ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அடுக்குகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியலாம்.

கம்பெனியின் கடல்பணி இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜ் இந்தக் கலத்தைச் சோதித்துக் குறைகளைப் பட்டியலிட்டு 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். வேலை போனது; பிறகு வழக்கும் போட்டார்கள். அதே வருஷம் மார்ச்சில் இந்தத் துறையின் நிபுணர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, வெளியார் சான்று இல்லாமல் ஆட்களை ஏற்றுவது பேரழிவில் முடியலாம் என்று முதலாளி ஸ்டாக்டன் ரஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார்கள். சான்று வாங்குவது புதுமையைத் தாமதப்படுத்துகிறது என்பது கம்பெனியின் வாதம். ஏறுகிறவர்களுக்குப் 'பயணி' என்று பெயர் வைத்தால் பயணிகளுக்கான சட்டம் வந்துவிடும், அதனால் 'மிஷன் நிபுணர்' என்று பெயர். பெயரை மாற்றினால் ஆளுக்கு எலும்பு கெட்டியாகிவிடுமா என்ன.

ரஷ்ஷை வில்லனாக்கி முடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. அவரிடம் நேர்மையாக ஒன்று இருந்தது: தானே ஏறினார். சமைத்தவன் முதலில் சாப்பிட வேண்டும், பாலம் கட்டியவன் முதல் வண்டி போகும்போது அடியில் நிற்க வேண்டும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். தன் உயிரையே பணயம் வைக்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்ற எண்ணம். பொய் சொல்லமாட்டான், சரி. ஆனால் தப்பாக நம்பலாமே. மாமாவும் தானேதான் இறங்கினார். தானே இறங்குவது நேர்மைக்குச் சாட்சி, கலத்தின் பலத்துக்குச் சாட்சி ஆகாது. இன்னொன்றும் உண்டு. ரஷ்ஷின் துணிச்சலைப் பார்த்து நம்பி ஏறியவர்களில் ஒருவனுக்கு வயது 19, அப்பாவோடு வந்தவன். துணிச்சல் தனக்கு மட்டும் என்று இருந்தால் அது அவரவர் பாடு. அதையே இன்னொருவனிடம் உத்தரவாதமாகக் காட்டும்போது அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

டைட்டன் டைட்டானிக் ஆழத்துக்குப் பத்து முறைக்கு மேல் போய் வந்திருந்தது. ஒண்ணும் ஆகலை. 2022 ஜூலையில் ஒரு பயணத்தில் மேலே வரும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு உணர்கருவிகளின் அளவுகள் மாறியிருந்தன. கலத்தின் நாடியை உடனுக்குடன் சொல்லும் என்று அவர்கள் பெருமையாகச் சொன்ன கருவிகள் அவை. அவை சொல்லவும் செய்தன. கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கலத்தைக் கனடாவில் திறந்தவெளியில் நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று சொல்லிற்று. எதிர்த்துப் பேசினால் வேலை போகும் என்ற பயம் அங்கே இருந்ததையும் சேர்த்தே சொல்லிற்று. "மேல யாருமே இல்லன்னு சொல்லு" என்பதை முந்நூறு பக்கத்தில் எழுதினால் அப்படித்தான் வரும்.

இந்தக் கரையில் கயிறு பிடிப்பவரைத் தவிர இன்னொருவரும் இருந்தார். கடல்கட்டி. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். முத்துக்குளிப்பை நடத்திய அரசுகள், பிரிட்டிஷார் உட்பட, அவரை வைத்துக்கொண்டன. அவர் வராமல் குளிப்பவர்கள் இறங்கமாட்டார்கள். மார்க்கோ போலோ தன் பயணக் குறிப்பில் இவர்களைச் சொல்கிறார்: ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. அதில் ஒரு அழகான விவரம், மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருடர்கள் குளிக்காமல் இருக்க! நான் இதைப் படித்து ரொம்பச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, காரணம் என் வேலை.

நான் ஒரு தொழிற்சாலையில் அழுத்தக் கலன்களை ஆய்வு செய்யும் பிரிவில் இருந்தேன். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கலனை நிறுத்தி, சுவரின் தடிமன் அளந்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஒருமுறை சோதனைத் தேதி வந்தபோது உற்பத்தி நெருக்கடி. அடுத்த ஷட்டவுன் வரை ஆறு மாதம் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார்கள். மிரட்டவெல்லாம் இல்லை. "சார், போன தடவையும் தள்ளித்தான் வெச்சோம், ஒண்ணும் ஆகலையே" என்று சிரித்தபடி கேட்டார்கள். பழைய அளவுகளைப் பார்த்தேன். அரிமானம் கொஞ்சம் இருந்தது, எல்லைக்குள் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதமும் ஒண்ணும் ஆகலை. அடுத்த முறை கேட்கவே இல்லை, என் கையெழுத்துக்கு இடம் விட்டுத் தாளை டைப் அடித்தே கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கு நான் கடல்கட்டி. என் கையெழுத்தால் அந்தக் கலனின் சுவர் ஒரு மயிரிழைகூடத் தடிக்கவில்லை. பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தைரியம் மட்டும் கொடுத்தது.

1986-ல் வெடித்த சேலஞ்சர் விண்கலத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன் இதற்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் 'விலகல் வழக்கமாதல்' என்று சொல்லலாம். ஒரு விதியை மீறி, ஒன்றும் ஆகாமல் போனால், மீறியதே புது விதியாகிவிடுகிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, கேள்வி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது. அமெரிக்கக் கடற்படையின் த்ரெஷர் நீர்மூழ்கி 1963 ஏப்ரல் 10 அன்று 129 பேரோடு மூழ்கிய பிறகு, அவர்கள் 'சப்சேஃப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வெல்டுக்கும் வால்வுக்கும் சாட்சி வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை என்றே பொருள். அதற்குப் பிறகு அவர்கள் இழந்த ஒரே நீர்மூழ்கி ஸ்கார்ப்பியன், 1968-ல். அதற்கு அந்தச் சான்று கிடைத்திருக்கவில்லை. லாக்ரிட்ஜிடமோ, என்னிடமோ கேட்கப்பட்டது தலைகீழ்க் கேள்வி: ஆபத்து என்று உன்னால் நிரூபிக்க முடியுமா? உடைவதற்கு முன்னால் அதை யாராலும் நிரூபிக்க முடியாது.

நம் பக்கத்திலும் ஒரு கலம் தயாராகிறது. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் செய்யும் மத்ஸ்யா 6000. மூன்று பேர், 6,000 மீட்டர் ஆழம். உள்விட்டம் 2.1 மீட்டர், 80 மில்லிமீட்டர் தடிமனில் டைட்டேனியம் கலவைக் கோளம். 2021-ல் முதலில் ஒரு இரும்புக் கோளத்தை 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில், ஆழமே இல்லாத தண்ணீரில், மூழ்கி எழும் சோதனைகள். முதலில் சொன்ன தேதிகள் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கின்றன. "இன்னுமா முடியலை" என்று நண்பர்கள் கிண்டல் பண்ணும்போது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன், ஆனால் மனசுக்குள் அந்தத் தாமதம் எனக்குப் பிடித்திருக்கிறது. தள்ளிப்போடுவதில் இரண்டு வகை. நான் தள்ளிவைத்தது சோதனையை. அவர்கள் தள்ளிவைப்பது இறங்குவதை. அங்கேயும் ஒரு நாள் ஒரு அமைச்சரின் தேதி வரலாம், ஒரு கொடியேற்றம் வரலாம். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிற ஆளின் பெயர் நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

போன மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பரவாயில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்திருக்கலாம். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த டேங்கு பக்கத்துல யாரு நிப்பா?"

"காண்ட்ராக்ட் ஆளுங்க மாமா. ஷிஃப்டுக்கு நாலு பேரு."

"ஒனக்குப் பழக்கமா?"

"இல்ல."

"பேரு?"

எனக்கு ஒரு பெயர்கூட வரவில்லை. மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பனிமய மாதா கோயிலுக்குப் போகிற கூட்டத்தின் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார், பாத்ரூம் போக வேண்டும் என்று. நான் பிடித்துக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தார்.